ரோஜாவா, கார்னேஷனா, சாமந்தியா: யாருக்கு எதைக் கொடுப்பது?

சிவப்பு ரோஜாவுக்கு விளக்கமே தேவையில்லை. கிரேக்கர்கள் அதைக் காதல் தெய்வம் அஃப்ரோடைட்டின் பூவாக்கிய காலத்திலிருந்து அது காதலைத்தான் சொல்கிறது. கூட வேலை செய்பவருக்கோ இப்போதுதான் பழக்கமானவருக்கோ அதைக் கொடுத்துவிட்டு "சும்மா, பார்க்க அழகா இருந்துச்சு" என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். சரி, நிறத்தை மாற்றிப் பார்க்கலாம் என்றால் இளஞ்சிவப்பு நன்றிக்கும் பாராட்டுக்கும் பொருந்துகிறது, மஞ்சள்தான் கொஞ்சம் வம்பு: இன்றைக்கு அதை நட்பின் நிறம் என்று விற்கிறார்கள், விக்டோரியா காலத்து இங்கிலாந்தின் பூ அகராதிகளிலோ அதற்குப் பொறாமை, குறைந்துவரும் காதல் என்று பொருள் போட்டிருந்தார்கள்.

அந்த அகராதிகளே ஒரு கூத்து. 1819-இல் பாரிஸில் சார்லட் தெ லத்தூர் என்ற புனைபெயரில் வந்த புத்தகம் நன்றாக ஓடியது, அப்புறம் ஆளாளுக்கு எழுதத் தொடங்கிவிட்டார்கள், ஒரே பூவுக்கு ஒன்றில் ஒரு பொருள், இன்னொன்றில் வேறு. இருவரும் ஒரே புத்தகத்தை வைத்திருந்தால்தான் சேதி ஒழுங்காகப் போய்ச் சேரும்! அதனால் பட்டியலில் என்ன இருக்கிறது என்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, பூவை வாங்கிக்கொள்பவர் அதை இதுவரை எங்கே பார்த்துப் பழகியிருக்கிறார் என்றுதான் யோசிப்பேன்.

சாமந்தியில் இது நன்றாகத் தெரியும். ஜப்பானில் 16 இதழ்ச் சாமந்தி அரச குடும்பத்தின் சின்னம், சீனாவில் நீண்ட ஆயுளுக்கு அடையாளம். அதே பூவைப் பிரான்சில் நவம்பர் 1-ஐ ஒட்டிக் கல்லறைகளில் வைக்கிறார்கள், ஆகவே பிரெஞ்சுக்காரர் வீட்டு விருந்துக்கு அதை எடுத்துக்கொண்டு போனால் கதவைத் திறப்பவர் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டியிருக்கும். வெள்ளைச் சாமந்தி என்றால் ஜப்பானிலும் துக்க வீட்டுப் பூதான். ரொம்ப நாள் வாடாது, நிறங்களும் நிறைய, இருந்தாலும் ஆளைத் தெரியாமல் கொடுக்காதீர்கள்.

லில்லியும் ஏறக்குறைய இதே கதை: மேரி மாதாவின் தூய்மை ஒரு பக்கம், இறுதிச் சடங்கு மறுபக்கம். கூடுதலாக, பூனை வளர்ப்பவர் வீட்டுக்கு அது வேண்டவே வேண்டாம், மகரந்தத்தை நக்கினாலே பூனையின் சிறுநீரகம் கெட்டுப்போகும்.

என் ஓட்டு கார்னேஷனுக்கு. மலிவான பூ என்று அதைப் பலர் ஒதுக்குவது எனக்குப் புரிந்ததே இல்லை. ரோஜா ஒரு வாரத்தில் தலையைத் தொங்கப் போட்டுவிடும், இது தண்ணீரை மாற்றிக்கொண்டே வந்தால் இரண்டு வாரம்கூட நிற்கும். 1908-இல் அமெரிக்காவில் முதல் அன்னையர் தினம் கொண்டாடியபோது அந்த நாளைத் தொடங்கிவைத்த ஆனா ஜார்விஸ் தேவாலயத்துக்கு அனுப்பியது 500 வெள்ளைக் கார்னேஷன்கள், ஏனென்றால் அது அவருடைய அம்மாவுக்குப் பிடித்த பூ. 1974 ஏப்ரல் 25 அன்று போர்ச்சுகலில் சர்வாதிகாரம் விழுந்தபோது வீரர்களின் துப்பாக்கிக் குழாயில் மக்கள் செருகியதும் இதே பூதான். அம்மாவுக்கும் ஆகிறது, புரட்சிக்கும் ஆகிறது, வேறென்ன வேண்டும்? ஒரே ஒரு சங்கதி, பிற்பாடு அன்னையர் தினத்தில் அம்மா உயிரோடு இருந்தால் சிவப்பு, இல்லையென்றால் வெள்ளை என்று ஒரு வழக்கம் வந்துவிட்டது, அது தெரிந்த அம்மாவுக்கு வெள்ளையை நீட்டாதீர்கள். பழைய அகராதிகளில் மஞ்சள் கார்னேஷனுக்கு அலட்சியம் என்று பொருள், அதையும் விட்டுவிடலாம். இளஞ்சிவப்பில் எந்தத் தொல்லையும் இல்லை.

எத்தனை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ரஷ்யாவில் இரட்டைப்படை எண்ணிக்கை இறந்தவர்களுக்கு, அங்கே ஒரு டஜன் கொடுக்க நினைத்தால் ஒன்றை உருவிவிட்டு 11 ஆகக் கொடுங்கள்.