முழு பாலியூரிதேன் புஷ் செட்: பெட்டியில் இருப்பதை எல்லாம் மாட்ட வேண்டாம்

பழைய காரில் சஸ்பென்ஷன் வேலை என்றாலே ஷாக் அப்சார்பர், ஸ்பிரிங் இரண்டின் மேல்தான் கண் போகும். காசும் அங்கேதான் போகும். ஆனால் வண்டி நேராக ஓடாமல் அலைவதற்கும், பிரேக் பிடித்தால் ஒரு பக்கம் இழுப்பதற்கும், அலைன்மென்ட் செய்த கையோடு மறுபடி டயர் தேய்வதற்கும் பல சமயம் காரணம், வெடித்தும் எண்ணெயில் ஊறி உப்பியும் கிடக்கும் ரப்பர் புஷ்கள்தான். சக்கரத்தைத் தாங்கும் ஆர்ம்கள் பாடியோடு சேரும் இடத்தில் உட்காரும் மெத்தை போன்ற உருளைகள் இவை. அவற்றுக்குப் பதிலாக ஒரே பெட்டியில் கிடைக்கும் பாலியூரிதேன் (ரப்பரைவிடக் கடினமான பிளாஸ்டிக் வகை, சுருக்கமாக பாலி) செட் எந்த அளவுக்குத் தேறும் என்று பார்ப்போம். முன்பக்கம் டபுள் விஷ்போன் (ஒவ்வொரு சக்கரத்துக்கும் மேலும் கீழுமாக இரண்டு ஆர்ம்), பின்பக்கம் நான்கு ஆர்ம் பிடித்திருக்கும் லைவ் ஆக்சில் (இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே அச்சு), காயில் ஸ்பிரிங் உள்ள கார்களுக்கான செட் இது.

அப்பர், லோயர் ஆர்ம் புஷ்கள், ஆன்டி ரோல் பாருக்கான (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி) டி வடிவ புஷ்கள், பின் ஆர்ம்களின் எட்டு முனைகளுக்கும் புஷ்கள், ஸ்டீல் ஸ்லீவ்கள் (புஷ்ஷின் நடுவில் போல்ட் நுழையும் குழாய்கள்), சின்ன கிரீஸ் பாக்கெட். இவ்வளவும் பெட்டியில் இருக்கும். கிரீஸ் மட்டும் அநேகமாகப் பற்றாது, தனியாக ஒரு டியூப் வாங்கி வைப்பது நல்லது.

கடினத்தன்மையை முதலில் பாருங்கள். ஒரிஜினல் ரப்பர் பெரும்பாலும் ஷோர் ஏ என்ற கடினத்தன்மை அளவில் (எண் கூடினால் கடினமும் கூடும்) 50 முதல் 70 வரை இருக்கும். பாலி 70இல் தொடங்கி 95 வரை வருகிறது. ரோட்டில் ஓட்டும் காருக்கு 80 பக்கம் போதும். 95 ரேஸ் டிராக்குக்கு. நிறத்தை வைத்துக் கடினத்தை ஊகிக்காதீர்கள், ஒவ்வொரு தயாரிப்பாளருக்கும் ஒவ்வொரு கணக்கு.

அதைவிட முக்கியம், இரண்டும் வேலை செய்யும் விதமே வேறு. ரப்பர் புஷ்ஷில் உள் ஸ்லீவ், ரப்பர், வெளிக்கூடு மூன்றும் ஒட்டிப்பிறந்தவை. ஆர்ம் ஆடும்போது ரப்பரே முறுக்கிக்கொண்டு திரும்பும், எங்கும் உரசல் கிடையாது. பாலி புஷ்ஷில் ஸ்லீவ் தனி, அதன் மேல் புஷ் சுழல வேண்டும். ஒரு அச்சில் மட்டும் சுழலும் இடத்தில் பாலி பிரமாதம். பல பக்கம் நெளிய வேண்டிய இடத்தில் அதுவே வில்லன்.

ஆன்டி ரோல் பார் புஷ்கள்தான் இந்த செட்டிலேயே கொடுத்த காசுக்கு அதிகப் பலன் தருபவை. வளைவில் வண்டி சாயத் தொடங்கியதுமே பார் வேலைக்கு வந்துவிடும், சொகுசும் குறையாது. வாங்கும் முன் பாரை வெர்னியரில் அளந்துவிடுங்கள். 19 மில்லிமீட்டர் பாருக்கு 18 புஷ்ஷைத் திணித்தால் பார் சுழலாமல் இறுகி நிற்கும். முன் அப்பர், லோயர் ஆர்ம்களிலும் நிறைவு, ஸ்டீயரிங் துல்லியம் உடனே தெரியும்.

பின்பக்கம்தான் பிரச்சினை. வளைவில் பாடி சாயும்போது ஆக்சில் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்குகிறது. அப்போது ஒவ்வொரு ஆர்மும் தன் நீளவாக்கிலேயே முறுக்கப்படும். ரப்பர் அதை விழுங்கிக்கொள்ளும். எட்டு முனையிலும் கடினமான பாலி இருந்தால் ஆக்சிலே ஒரு ராட்சத ஆன்டி ரோல் பாராகிவிடும். விளைவு, ஈர ரோட்டில் பின்பக்கம் சொல்லாமல் கொள்ளாமல் வழுக்கும். நாளடைவில் துருப்பிடித்த ஆர்ம் பிராக்கெட்டில் வெல்டு ஓரமாக விரிசல் விடும். லோயர் ஆர்ம்களுக்கு மட்டும் பாலி, அப்பர் ஆர்ம்களுக்குப் புது ரப்பர் என்பதே சரியான கலவை. இதற்காகத்தான் முழு செட்டைப் பரிந்துரைக்க மனம் வரவில்லை.

மாட்டும் வேலையில் பாதி நேரம் பழையதைக் கழற்றத்தான். ரப்பரைச் சுற்றித் துளை போட்டால் உள் ஸ்லீவ் வெளியே வந்துவிடும். தீ வைத்து எரிக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள், அந்தப் புகை நஞ்சு. வெளிக்கூட்டை எடுக்கும் முன் செட்டுக்கு அது வேண்டுமா என்று குறிப்பைப் படியுங்கள். சில செட்கள் பழைய கூட்டுக்குள்ளேயே உட்காரும், கழற்றி எறிந்தால் புஷ் தொளதொளவென்று ஆடும். எடுக்கத்தான் வேண்டும் என்றால் ஹாக்ஸா பிளேடால் உள்ளிருந்து ஒரு கோடு அறுத்து, உளியால் உள்நோக்கி மடித்துத் தட்டுங்கள். பிளேடு ஆர்மைத் தொடக் கூடாது.

அடுத்து ஸ்லீவ் நீளம். இரண்டு பாதி புஷ்ஷையும் ஆர்மில் பொருத்தி ஸ்லீவைச் செருகினால், அது புஷ் விளிம்பைவிட நூலளவு, 0.2 முதல் 0.5 மில்லிமீட்டர் வரை, நீண்டிருக்க வேண்டும். குட்டையாக இருந்தால் போல்ட்டை முறுக்கும்போது பிராக்கெட் ஸ்லீவைப் பிடிக்காமல் புஷ்ஷை நசுக்கும், ஆர்ம் கையால் அசையவே அசையாது. நீளம் குறைந்த ஸ்லீவைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். புஷ் விளிம்பு அகலமாக இருந்தால் எமரி தாளில் தேய்த்துச் சரி செய்யலாம்.

கீச் சத்தம் பாலியின் பரம்பரை வியாதி. துளை, ஸ்லீவ், விளிம்பு மூன்றிலும் செட்டோடு வரும் வகையான கெட்டி சிலிக்கான் கிரீஸைத் தாராளமாகத் தடவுங்கள். சாதா பேரிங் கிரீஸ் மழைத் தண்ணீரில் சீக்கிரம் கழுவிப்போகும், பக்கத்தில் மிச்சமிருக்கும் ரப்பரையும் உப்ப வைக்கும். ஆர்மில் கிரீஸ் நிப்பிள் போட இடமிருந்தால் இப்போதே போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் சத்தம் வரும்போதெல்லாம் கழற்ற வேண்டும்.

ரப்பர் வைத்த பின் அப்பர் ஆர்ம் போல்ட்களை வண்டி ஜாக்கில் தொங்கும்போது முறுக்காதீர்கள். சக்கரம் தரையில் நின்று, வண்டி தன் எடையில் உட்கார்ந்த பிறகுதான் கடைசி டார்க், அதாவது குறித்த அளவுக்கு இறுக்குவது. தொங்கும் நிலையில் முறுக்கினால் வண்டியை இறக்கியதுமே ரப்பர் பாதி முறுக்கில் நிற்கும், சீக்கிரமே கிழியும். பாலிக்கு இந்தக் கட்டாயம் இல்லை. நைலாக் நட்கள் (தளராமல் இருக்க உள்ளே நைலான் வளையம் உள்ளவை) எல்லாம் புதிதாகப் போடுங்கள்.

இதோடு ஸ்பிரிங்கையும் மாற்றுபவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய ஸ்பிரிங் உயரத்தில் தாழ்கிறதே தவிர, அதன் விறைப்பு குறைவதில்லை. விறைப்பு கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். காயில் விட்டமும் சுற்றுகளும் மாறாமல் 12 மில்லிமீட்டர் கம்பி 13 ஆனாலே சுமார் 38 சதவீதம் கூடிவிடும். பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கிறதே என்று வாங்கி மாட்டினால் பழைய ஷாக் அப்சார்பர் அதை அடக்க முடியாமல் வண்டி துள்ளும். பாலி புஷ் அந்தத் துள்ளலைக் கொஞ்சம்கூடக் குறைக்காது.

முன் ஆர்ம்களுக்கும் ஆன்டி ரோல் பாருக்கும் தனித்தனியாகக் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். முழு செட்டாக மட்டுமே தருகிறார்கள் என்றால், பின் அப்பர் ஆர்ம் புஷ்களை அலமாரியில் வைத்துவிட்டு அந்த இடத்துக்கு ரப்பர் வாங்கும் செலவையும் விலையோடு கூட்டிப் பாருங்கள். பால் ஜாயின்ட் (ஆர்மைச் சக்கரப் பக்கத்தோடு சேர்க்கும் உருண்டை மூட்டு) ஆடும் காரில் அதை மாற்றும் வரை இந்த செட்டின் அருமை தெரியவே தெரியாது. டோ, கேம்பர், காஸ்டர் என்ற சக்கரக் கோணங்கள் மூன்றையும் அளக்கும் இடத்தில் அலைன்மென்ட் செய்துவிட்டு, சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் எல்லா போல்ட்டையும் ஒருமுறை டார்க் ரெஞ்சில் சரிபாருங்கள்.