மூன்று ரோல் போதும் என்றார்கள், சுவர் பாதியில் நின்றது: வேலூரில் வால்பேப்பர் ஒட்டப் போகிறவர்கள் கவனத்துக்கு

வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு பழைய வீட்டு ஹால். டிவி வைக்கும் சுவருக்குப் பூப்போட்ட வால்பேப்பர், மற்ற மூன்று சுவருக்கும் அதோடு சேர்கிற பெயிண்ட் என்று பேச்சு. கடையிலிருந்து வந்த ஆள் டேப் பிடித்து அளந்தார். அகலம் 12 அடி, ஸ்கர்ட்டிங்குக்கு மேலே உயரம் 10.5 அடி, ஆக 126 சதுர அடி. ரோல் ஒன்று 57 சதுர அடி. "மூணு ரோல் போதும் சார், மீதியே ஆவும்" என்று சொல்லி, ஒட்டுக்கூலி உட்பட முழுப் பணத்தையும் முன்னாடியே வாங்கிக்கொண்டார்கள்.

ஒட்டி முடித்த அன்று வலது ஓரப் பட்டையில், தரையிலிருந்து சுமார் மூன்றடி உயரத்தில் குறுக்கே ஒரு கோடு. கோட்டுக்கு மேலே காம்பு இறங்குகிறது, கீழே அந்தக் காம்பு இல்லை, வேறொரு பூவின் பாதி இதழ் நிற்கிறது. மூன்று ரோலிலும் மிஞ்சிய துண்டுகளை ஒட்டுப்போட்டுச் சமாளித்திருக்கிறார்கள். சண்டை போட்ட பிறகு நாலாவது ரோல் வந்தது, அதற்குத் தனிக் காசு. அதை ஒட்டியதும் அந்தப் பட்டை மட்டும் லேசான மஞ்சளாகத் தெரிந்தது.

இதில் முதல் தப்பு சதுர அடிக் கணக்கு. வால்பேப்பரைச் சதுர அடியில் வகுக்கக் கூடாது, பட்டையில், அதாவது மேலிருந்து கீழ்வரை இறங்கும் துண்டுகளில், எண்ண வேண்டும். சாதாரண ரோல் 53 செ.மீ. அகலம், 10 மீட்டர் நீளம். 12 அடி என்பது 366 செ.மீ., 53ஆல் வகுத்தால் ஏழு பட்டை. உயரம் 320 செ.மீ. மேலும் கீழும் வெட்டிச் சரிசெய்ய 10 செ.மீ. சேர்த்தால் பட்டை ஒன்றுக்கு 330. டிசைன் இல்லாத பேப்பர் என்றால் ஒரு ரோலில் மூன்று பட்டை வரும், மூன்று ரோல் தாராளம். அந்த ஆள் சொன்னது பிளெயின் பேப்பருக்குச் சரிதான்.

பூப்போட்டதற்கு அது ஆகாது. அந்த டிசைனில் அதே பூ 64 செ.மீ.க்கு ஒருமுறை திரும்ப வருகிறது. பக்கத்துப் பட்டையோடு பூ சேர வேண்டுமானால் ஒவ்வொரு பட்டையையும் பூவின் ஒரே இடத்தில் ஆரம்பித்து வெட்ட வேண்டும். 64இன் ஐந்து மடங்கு 320, வெட்டுக்கு இடமில்லை. ஆறு மடங்கு 384. முதல் பட்டை பூஜ்யத்தில், இரண்டாவது 384இல், மூன்றாவது 768இல் ஆரம்பிக்கும். மீதி 232 செ.மீ.தான், 330க்கு எட்டாது. ரோலுக்கு இரண்டு பட்டை, ஏழு பட்டைக்கு நாலு ரோல். இதே சுவர் 10 அடி உயரம் மட்டும் இருந்திருந்தால் 315 செ.மீ. போதும், 320இல் அடங்கி மூன்று ரோலிலேயே முடிந்திருக்கும். அரை அடியில் ஒரு ரோல் கூடுகிறது. ஆகவே உயரத்தை ஒரே இடத்தில் அளந்துவிட்டு நகரும் ஆளிடம் ஆர்டர் கொடுக்காதீர்கள். பழைய வீடுகளில் ஒரு மூலைக்கும் மறு மூலைக்கும் இரண்டு அங்குலம் வித்தியாசம் இருப்பது சகஜம்.

106 செ.மீ. அகலம், 15.6 மீட்டர் நீளம் உள்ள பெரிய ரோலும் கிடைக்கிறது. பூ அதே 64 செ.மீ. என்றால் இந்தச் சுவருக்கு நாலு பட்டை, ஒரே ரோலில் முடியும். விலையைச் சின்ன ரோலோடு ஒப்பிட்டுக் கேளுங்கள். கடைக்காரர் அதை அவராக எடுத்துக் காட்ட மாட்டார்.

பூ எத்தனை செ.மீ.க்குத் திரும்ப வரும், எப்படிச் சேரும் என்ற விவரம் ரோல் லேபிளிலேயே அச்சாகியிருக்கும். நேருக்கு நேர் இரண்டு அம்புக்குறி என்றால் பூ நேராகச் சேரும். அம்புகள் ஏறி இறங்கி நின்று 64/32 என்று போட்டிருந்தால் அடுத்த பட்டை 32 செ.மீ. இறங்கி ஒட்டும், அதற்கு இரண்டு ரோலை வைத்து மாற்றி மாற்றி வெட்டினால்தான் வேஸ்ட் குறையும். அம்புக்குப் பக்கத்தில் பூஜ்யம் இருந்தால் சேர்க்கவே வேண்டாம். அலைக்கோடு எத்தனை என்றும் பாருங்கள். ஒன்று என்றால் ஈரத்துணியால் ஒற்றலாம், அவ்வளவே. சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு மூன்று அலையாவது வேண்டும். சூரியன் படம் வெயிலுக்கு நிறம் எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்கிறது. வேலூர் வெயிலில் மேற்கு ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் ஒட்டுவதாக இருந்தால் இதைப் பார்க்காமல் வாங்கவே வேண்டாம்.

நாலாவது ரோல் மஞ்சளானது பேட்ச் நம்பரால். ஒரே டிசைன் நம்பராக இருந்தாலும் வேறு வேறு நாளில் அச்சடித்தால் நிறம் சற்று மாறும். ரோல் தனியாக இருக்கும்போது கண்ணுக்குத் தெரியாது, ஜாயிண்டில் தெரிந்துவிடும். எல்லா ரோலிலும் பேட்ச் நம்பர் ஒன்றா என்று பிரிக்கும் முன் பாருங்கள், பில்லிலும் எழுதச் சொல்லுங்கள். "பிரிக்காத ரோலைத் திருப்பி எடுத்துக்கொள்வோம்" என்றும் எழுதி வாங்கினால், ஒன்று கூடுதலாக வாங்கிவைக்கப் பயமில்லை.

அடுத்தது சுவர். இந்த வீட்டில் டிஸ்டெம்பர் மேலேயே பசை தடவிவிட்டார்கள். இரண்டு வாரத்தில் ஜாயிண்ட் வாயைப் பிளந்தது. பேப்பரின் பின்பக்கம் வெள்ளை மாவு அப்பியிருந்தது, அதாவது பசை பிடித்தது டிஸ்டெம்பரை, டிஸ்டெம்பர் சுவரை விட்டுவிட்டது. உள்ளங்கையால் தேய்த்துப் பாருங்கள். மாவு ஒட்டினால் சுரண்டி, பட்டி இரண்டு கை பார்த்து, எமரி போட்டு, பிரைமர் ஒரு கோட் அடித்துக் காய்ந்த பிறகுதான் ஒட்ட வேண்டும். பிரைமரை விட்டால் பட்டி பசைத் தண்ணீரைக் குடித்துவிடும். பெரும்பாலும் அமுக்குவது இந்த பிரைமர் கூலியைத்தான். வெறும் ஃபெவிகாலில் முழுப் பேப்பரையும் ஒட்டுகிறவர்களும் உண்டு. பிடிக்கும், ஆனால் நாளைக்குப் பேப்பரை உரித்தால் பட்டியும் கூடவே வரும்.

ஓதம் உள்ள சுவருக்கு வினைல் (பிளாஸ்டிக் பூச்சுள்ள) பேப்பர் ஆகவே ஆகாது. 2021 நவம்பரில் பாலாற்று வெள்ளம் புகுந்த வீடுகளிலும், பாத்ரூமுக்கு முதுகு கொடுத்த சுவரிலும் இரண்டடி பாலித்தீன் ஷீட்டை நாலு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். ஷீட்டின் உள்பக்கம் நீர் பூத்தால் முதலில் கசிவைச் சரிசெய்ய வேண்டும். "ஒண்ணும் ஆவாது சார், ஃபேன் காத்துல காஞ்சிடும்" என்பார்கள். வினைல் மூச்சு விடாது, உள்ளே கறுப்புப் பூஞ்சை பிடிக்கும். ஐப்பசி மழை முடிந்ததும் நாற்றத்தில் தெரியும்.

பெயிண்டிலும் ஒரு விளையாட்டு நடந்தது. நிறத்தை முதலில் அடித்துவிட்டு அதற்குப் பேப்பர் தேடியதே தலைகீழ். பேப்பர் நாலைந்து டிசைனில்தான் மனதுக்குப் பிடிக்கும், பெயிண்ட் ஆயிரம் நிறத்தில் கலந்து தருவார்கள். பேப்பரைத் தீர்மானித்து, அதன் அடிநிறத்தை விட ஒரு படி வெளிறிய நிறத்தைப் பக்கத்துச் சுவர்களுக்கு எடுங்கள். பூவில் உள்ள அழுத்தமான நிறம் குஷனுக்கும் திரைக்கும் போகட்டும், சுவருக்கு வேண்டாம். கடையில் மஞ்சள் ஸ்பாட்லைட், வீட்டில் 6500 கெல்வின் வெள்ளை டியூப். கடையில் க்ரீமாகத் தெரிந்தது வீட்டில் சாம்பலாகிவிடும். பேப்பர் துண்டை வீட்டுக்குக் கொண்டுபோய், ஒரு லிட்டர் மட்டும் கலக்கி இரண்டடிக்கு இரண்டடி அடித்து, பகலிலும் டியூப் வெளிச்சத்திலும் பாருங்கள். கலக்கிய பெயிண்டைத் திருப்பி எடுக்க மாட்டார்கள். பேப்பர் மேட் (பளபளப்பில்லாதது) என்றால் பெயிண்டும் மேட்டாகவே இருக்கட்டும். பளபளப்பு மாறினால் ஒரே நிறமும் இரண்டாகத் தெரியும்.

விலை உயர்ந்த எமல்ஷனுக்குக் காசு வாங்கிவிட்டு, அதே ஷேடு நம்பரை மலிவு ரகத்தில் கலக்கி அடிப்பதும் இங்கே நடந்தது. கலக்கும் மெஷின் டின் மீது ஒட்டும் ஸ்டிக்கரில் ரகம், பேஸ் (நிறம் கலக்கும் முன் உள்ள அடிப் பெயிண்ட்), ஷேடு நம்பர், தேதி நாலும் இருக்கும். டின் உங்கள் கண்முன் திறக்க வேண்டும், அந்த ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். டின்னுக்குள் பெயிண்டருக்குக் கம்பெனி தரும் பரிசு டோக்கன் இருப்பதும் தெரிந்திருக்கட்டும். அவர் ஏன் ஒரு கம்பெனியையே பிடித்துத் தொங்குகிறார் என்பது புரியும்.

கூலியில் ஒரு பகுதியை ஒட்டி இரண்டு வாரம் கழித்துத் தருவதாகப் பேசுங்கள். ஜாயிண்ட் பிளந்தால் அதற்குள் தெரிந்துவிடும். ஏற்கெனவே ஏமாந்தவர்கள் பேப்பரை உரித்துப் போட வேண்டாம். ஜாயிண்டையும் பின்பக்க மாவையும் போட்டோ எடுத்து, பில், லேபிள், ஸ்டிக்கர் சேர்த்து வைத்து, தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் பேசுங்கள். கடைக்காரர் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை.