ஏழு குளிர்காலம், இரண்டு ஹைட்ரேஞ்சா

புதுத் தோட்டத்துக்கு என்ன வைக்கலாம் என்று நண்பர் கேட்டார். அவர் இருக்கும் இடத்திலும் எங்களைப் போலவே குளிர் மைனஸ் 30 டிகிரி வரை இறங்கும். பதில் எழுத உட்கார்ந்ததும் கொத்துக் கொத்தாகப் பூக்கிற பெரிய இலை ஹைட்ரேஞ்சா புதர் மேல் இருந்த கோபம்தான் முதலில் வந்தது.

வைத்து ஏழு வருஷம், பூத்தது இரண்டே முறை. செத்துப்போனாலாவது வேறு செடி வைக்கலாம், அதுவும் இல்லை. வருஷா வருஷம் வேரிலிருந்து துளிர்த்து இடுப்பளவுக்குத் தளதளவென்று வளர்ந்து நிற்கும், தேடினாலும் ஒரு பூ இருக்காது. அடுத்த கோடைக்கான மொட்டை முந்தின கோடைக் கடைசியிலேயே தண்டில் கட்டி வைத்துவிடுகிற வகை இது. குளிரில் வேர் பிழைக்கும், தண்டு கருகும், தண்டோடு பூவும் போகும். சாக்குத் துணி சுற்றி, உள்ளே காய்ந்த சருகை அடைத்துக் காப்பாற்றிய மொட்டுகள்கூட, போன வசந்தத்தில் தாமதமாக வந்த ஒரே ஒரு உறைபனி இரவில் கருத்துவிட்டன.

பக்கத்திலேயே கூம்புப் பூ வைக்கிற பானிக்கிள் ஹைட்ரேஞ்சா நிற்கிறது. அது அந்த வருஷத் தண்டிலேயே பூக்கும், அதனால் குளிர் முடிகிற சமயத்தில் தைரியமாகக் கவாத்து செய்யலாம். ஒரு வருஷமும் ஏமாற்றவில்லை. வாசனைப் பூப் புதரான லைலாக்கும் பழைய தண்டில்தான் பூக்கிறது, ஆனால் அதன் மொட்டு இந்தக் குளிருக்கு அசையாது. பூத்து முடிந்த உடனே வெட்டிவிட வேண்டும், தள்ளிப்போட்டால் அடுத்த வருஷப் பூவை நாமே வெட்டுகிறோம். ஜப்பானிய மேப்பிள் மரத்துக்கு நுனிக் கிளைகள் காய்ந்துகொண்டே இருக்கின்றன, அதை வைக்கச் சொல்ல மாட்டேன்.

நான் எதிர்பார்க்காத சந்தோஷம் சிவப்புத் தண்டு டாக்வுட். கோடையில் சாதாரணப் புதர். இலை கொட்டி, பனி விழுந்ததும் தண்டெல்லாம் ரத்தச் சிவப்பில் நிற்கும், ஜன்னலை விட்டு நகர மனசு வராது. இளந்தண்டுதான் நல்ல சிவப்பு, அதனால் வசந்தத் தொடக்கத்தில் பழைய தண்டுகளில் மூன்றில் ஒரு பங்கை அடியோடு எடுத்துவிடுகிறேன்.

சரி, நண்பருக்கு பானிக்கிள், லைலாக், டாக்வுட் மூன்றையும் எழுதி அனுப்பிவிட்டேன். பெரிய இலை வேண்டவே வேண்டாம் என்றும் எழுதினேன். ஆனால் எங்கள் மண் அமிலத் தன்மை உள்ளது, அது பூத்த அந்த இரண்டு கோடையிலும் பூ முழுக்க நீலம். அப்படி ஒரு நீலம் தோட்டத்தில் வேறு எதிலும் இல்லை. ஒரே ஒரு செடிக்குத்தான் இடம் என்றால் நான் அதைத்தான் வைத்துக்கொள்வேன். இந்த முறை சருகை இரண்டு மடங்கு அடைத்திருக்கிறேன், உறைபனி பயம் முழுசாகப் போகும்வரை சாக்கைப் பிரிக்கப் போவதில்லை.