டீசலில் ஊற்றும் 'மருந்தை' நம்பி 1,42,600 ரூபாய் போச்சு

நேற்று இரவு பம்ப் கடையில், அதாவது லாரியின் டீசல் பம்ப், இன்ஜெக்டர் பழுது பார்க்கிற இடத்தில், பில் கட்டிவிட்டு வந்தேன். 1,42,600 ரூபாய். படுத்தால் தூக்கம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். லாரி, டிப்பர், ஜெனரேட்டர் என்று எது வைத்திருந்தாலும் ஒரு நிமிடம் படித்துவிட்டுப் போங்கள்.

நாமக்கல்லில் ஒற்றை லாரி வைத்துப் பிழைக்கிறவன் நான். பிஎஸ்4 புகை விதிப்படி வந்த வண்டி, காமன் ரெயில் (அதிக அழுத்தத்தில் டீசலைப் பீய்ச்சும் ஏற்பாடு), டீசலைப் பீய்ச்ச ஆறு இன்ஜெக்டர். லிட்டருக்கு 12 ரூபாய் மிச்சம் என்று ஆறு மாதமாக டீசலோடு பயோடீசல் (எண்ணெய், கொழுப்பிலிருந்து செய்கிற எரிபொருள்) கலந்து ஓட்டினேன், ஐந்தில் ஒரு பங்கு. அது என் பேராசை, அதை ஒப்புக்கொள்கிறேன். பயோடீசல் ஈரத்தை இழுக்கும், அந்தத் தண்ணீரில் கிருமி வளர்ந்து டேங்க் கெடும் என்று டிரைவர்கள் சொன்னார்கள். அதற்கு ஏதாவது ஊற்றலாமா என்று விசாரிக்கப் போன இடத்தில்தான் மாட்டினேன். பைபாஸ் ஓரத்தில் ஆயில், கூலன்ட், அடிட்டிவ் எல்லாம் விற்கிற கடை. பெயர் வேண்டாம்.

அந்தக் கடைக்காரர் காட்டிய வித்தையைச் சொல்லியே ஆக வேண்டும். என் வண்டி டீசலையே ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து, அதில் பத்துச் சொட்டுத் தண்ணீர் விட்டார். முத்து முத்தாக அடியில் போய் உட்கார்ந்தது. அவருடைய கேனிலிருந்து ஒரு மூடி ஊற்றிக் குலுக்கினார். தண்ணீரைக் காணோம்! டீசல் மட்டும் லேசாகப் பால் கலந்த மாதிரி இருந்தது. "பார்த்தீங்களாண்ணா, தண்ணியைத் தின்னுருச்சு. கிருமிக்கும் இதேதான் மருந்து. இனி நீங்க டேங்க் அடித் தண்ணியை வடிக்கவே வேண்டாமுங்க" என்றார். என் கிளீனர் பையன் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். நானும்தான். 5 லிட்டர் கேன் 4,200 ரூபாய், லிட்டர் டீசலுக்கு ஒரு மில்லி. பில் கேட்டதற்கு, "ஜிஎஸ்டி போட்டா கூட ஆகுமுங்களே" என்றார். சரி என்று துண்டுச் சீட்டோடு வந்துவிட்டேன்.

அந்தப் பால் நிறத்துக்கு அர்த்தம் மூன்று மாதம் கழித்துப் பம்ப் கடையில்தான் தெரிந்தது. தண்ணீர் எங்கேயும் போகவில்லை. பொடிப்பொடியாக உடைந்து டீசலுக்குள்ளேயே மிதக்கிறது. சொட்டாகச் சேர்ந்து அடியில் இறங்குகிற தண்ணீரைத்தான் வாட்டர் செப்பரேட்டர் பிடிக்கும். மிதக்கிற தண்ணீர் அதைத் தாண்டி நேராக ஹை பிரஷர் பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் போய்விடும். அங்கே அழுத்தம் ஆயிரம் பாருக்கு மேல் (காற்றழுத்தத்தைப் போல ஆயிரம் மடங்குக்கு மேல்), இடைவெளியெல்லாம் மைக்ரான் கணக்கு. துரு ஏற எவ்வளவு நேரமாகும்? வடிக்க வேண்டாம் என்றாரே, அந்தப் பேச்சைக் கேட்டு நான் ஒருநாள்கூட டேங்கை வடிக்கவில்லை.

ஐப்பசி மழையில் லோடு இல்லாமல் மூன்று வாரம் வண்டி அரை டேங்கோடு நின்றது. அப்புறம் பெங்களூர் லோடு ஏற்றிப் போனபோது தொப்பூர் மேட்டில் இழுவை செத்து நின்றுவிட்டது. பில்டரைக் கழற்றினால் கறுப்பாக, வழவழவென்று, சாக்கடை வாடையோடு ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. மருந்து கொன்றதாகச் சொன்ன கிருமிதான் அது. இன்ஜெக்டர் நான்கு புதிது, இரண்டு சர்வீஸ், பம்ப் பிரித்து வேலை, டேங்க் கழுவியது, கட்டி இழுத்து வந்த கூலி. மொத்தம் 1,42,600. கைவிட்டுப் போன லோடு வாடகையையும் நிற்கிற லோன் டியூவையும் நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

கடைக்காரருக்குப் போன் போட்டேன். முதல் நாள், "டேங்க் மூடியைச் சரியாப் போட்டிருக்க மாட்டீங்க." இரண்டாம் நாள், "பயோடீசல்ல கோளாறு, மருந்துல இல்ல." பயோடீசலுக்கென்றுதானே ஐயா விற்றாய்! மூன்றாம் நாள் கம்பெனிக்குச் சொல்லியிருக்கிறாராம். எந்தக் கம்பெனி? கேனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், முகவரியே இல்லை. நேரில் போனால் கடைப் பையன் "முதலாளி வெளியூர்" என்கிறான், அவர் பைக் வாசலில் நிற்கிறது. ஒரு மணி நேரம் உட்கார்ந்த பிறகு உள்ளிருந்து வந்து என்ன சொன்னார் தெரியுமா? "மிச்சத்தோட கேனைக் கொண்டாந்து குடுங்க, 4,200 திருப்பித் தர்றேன்." எனக்குப் போனது 1,42,600, அவருக்கு வேண்டியது கேன்!

என்ன செய்யலாம் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். லோடு ஆபீசிலிருந்து போன் வருகிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். குலுக்கினதும் டீசல் பாலாக மாறினால் அந்த அடிட்டிவை வாங்காதீர்கள். எதை ஊற்றினாலும் வாரம் ஒரு தரம் டேங்க் அடியையும் செப்பரேட்டரையும் வடியுங்கள். வண்டியை நிறுத்தி வைப்பதானால் டேங்கை நிரப்பி நிறுத்துங்கள். கிருமிக்கொல்லி என்று தனியாக விற்பது கிருமியைக் கொன்றாலும் செத்த சேறு டேங்கிலேயே கிடக்கும், கழுவித்தான் ஆக வேண்டும். பயோடீசல் விற்கிறவரிடம் ஐஎஸ் 15607 (பயோடீசலுக்கான இந்தியத் தரம்) டெஸ்ட் ரிப்போர்ட் கேளுங்கள், முழித்தால் திரும்பி வந்துவிடுங்கள். பங்க் டீசலுக்கான தரத்திலேயே பயோடீசலுக்கு 7 சதவீதம்தான் உச்சம், நான் கலந்தது 20. பில் இல்லாமல் எதையும் வாங்காதீர்கள்.

கேனில் இன்னும் இரண்டு லிட்டர் இருக்கிறது. மூடியில் டேப் சுற்றி பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். நுகர்வோர் கோர்ட்டில் துண்டுச் சீட்டை வைத்து வழக்குப் போட்டவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.