ஃபீனிக்ஸ் கராஜில் எட்டு கோடை கிடந்த ரவைகள்

அரிசோனாவுக்குக் குடிவந்த பிறகுதான் வேட்டை பழகினேன். 2016 கடைசியில் .308 அளவுத் துப்பாக்கி ரவைகளை மொத்தமாக வாங்கினேன். வீட்டுக்குள் பூட்டி வைக்க இடம் போதாமல் பாதிப் பெட்டிகள் கராஜில் இருந்த பூட்டுப் பெட்டிக்குப் போயின. எட்டு கோடை அங்கேயே கிடந்தன. 2023இல் ஃபீனிக்ஸில் தொடர்ந்து 31 நாள் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டை, அதாவது 43 செல்சியஸைத் தொட்ட அந்தக் கோடையும் இதில் சேர்த்தி.

வெயிலில் வெடித்துவிடாதா என்றுதான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். வெடிக்காது. ரவைக்குள் இருக்கும் வெடிமருந்து தானாகப் பற்றிக்கொள்ள ஏறக்குறைய 170 செல்சியஸ் வேண்டும். சூடு செய்யும் கெடுதல் மெதுவானது. மருந்தில் உள்ள நைட்ரோசெல்லுலோஸ் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்து அமில வாயு விடும். அதை உறிஞ்சிக்கொள்ளத்தான் டைஃபினைல்அமின் போன்ற ஒன்றைச் சேர்க்கிறார்கள். அது தீர்ந்துபோனால் சிதைவு வேகம் பிடிக்கும். புளித்த நெடி, செம்பழுப்புத் தூள் என்று அடையாளம் காட்டும்.

என் ரவைகளில் அப்படி எதுவும் இல்லை. 2024 டிசம்பரில் கராஜ் பெட்டியிலிருந்து இருபது, வீட்டுக்குள் அலமாரியில் இருந்த பெட்டியிலிருந்து இருபது சுட்டுப் பார்த்தேன். ஒன்றுகூட வெடிக்காமல் போகவில்லை. வேகத்திலும் சொல்லும்படி வித்தியாசம் கிடையாது.

வித்தியாசம் தெரிந்தது சுடும் நேரத்துச் சூட்டில். ஜூலையில் 43 டிகிரியில் அளந்ததைவிட, குளிரான மலையூர் ஃபிளாக்ஸ்டாஃப் பக்கம் மைனஸ் 12இல் அதே ரவை வினாடிக்குச் சுமார் 30 மீட்டர் குறைவாகப் போனது. 300 கஜத்தில் இரண்டரை அங்குலம் கீழே விழும். மானுக்கு வலியில்லாமல் முடிய வேண்டும் என்று நினைக்கிறவனுக்கு இது சின்ன விஷயம் இல்லை. அதனால் இப்போது குளிர்காலத்தில் துப்பாக்கி மேல் இருக்கும் குறிபார்க்கும் தொலைநோக்கியைத் திரும்பச் சரிபார்க்காமல் மலையேறுவதில்லை. குளிரிலும் சூட்டிலும் வேகம் அதிகம் மாறாத மருந்து போட்ட ரவைகளும் கிடைக்கின்றன. விலை கூடுதல்தான், ஆனால் இரண்டு பருவமும் சுடுகிறவர்களுக்கு வாங்கலாம் என்பேன்.

உண்மையில் ரவையைக் கெடுத்துக்கொண்டது ஒரே ஒரு தடவை. 2019இல் ராத்திரி முழுக்கப் பனியில் நின்ற வண்டியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துவந்து, ஹீட்டர் ஓடும் அறையில் உடனே திறந்தேன். ரவைகளின் பித்தளை உறை எல்லாம் வியர்த்துவிட்டது. துடைக்காமல் அப்படியே மூடி வைத்தேன். அடுத்த சீசனில் பார்த்தால் பச்சைக் களிம்பு, நாலைந்து ரவைகளின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரைச் சுற்றியும் ஏறியிருந்தது. அந்தப் பெட்டியை ஒன்றுகூடச் சுடாமல் துப்பாக்கி மைதானத்தில் அழிக்கக் கொடுத்துவிட்டேன்.

இப்போது எல்லாமே ரப்பர் வளையம் வைத்த இரும்புப் பெட்டியில், உள்ளே இரண்டு சிலிக்கா ஜெல் பையோடு. குளிரிலிருந்து வந்தால் மூடியபடியே ராத்திரி முழுக்க விட்டு, காலையில்தான் திறப்பேன். கராஜ் சரக்கில் மிச்சம் ஆறு பெட்டி. அதை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டேன். இந்தக் கோடைப் பயிற்சிக்கு முதலில் அதைத்தான் எடுக்கப் போகிறேன்.