பேஸ்பால் ரெஃபரன்ஸ் தளத்தில் ஜோ ஜாக்சன் பக்கம்: நம்ம ஊர்க்காரர்களுக்கு ஒரு விமர்சனம்

கிரிக்கெட் மட்டும் தெரிந்த கோயம்புத்தூர்க்காரருக்கு இந்த பேஸ்பால் புள்ளிவிவரத் தளம் எதற்கு என்று கேட்டால், அந்தக் கால அமெரிக்க ஆட்டக்காரர் 'ஷூலெஸ்' ஜோ ஜாக்சன் பக்கத்துக்காகவே போங்க என்பேன். காசு கட்ட வேண்டாம், பெயரைத் தட்டினால் 1908 முதல் 1920 வரை வருஷத்துக்கு ஒரு வரியாக எல்லாம் வந்துவிடும். அட்டவணை அகலம், செல்போனைப் படுக்கவைத்துப் பாருங்கள்.

1911 வரியில் .408 என்றிருக்கும். வாக் (மோசமான பந்துகளால் அடிக்காமலே முதல் பேஸுக்குப் போவது) போனதையெல்லாம் கழித்துவிட்டு, ஆயிரம் தடவை மட்டை பிடித்தால் 408 ஹிட், அதாவது பந்தை அடித்து அவுட் ஆகாமல் பேஸ் சேர்ந்தது, என்று கணக்கு. அங்கே 300 வந்தாலே நல்ல ஆட்டக்காரர். அப்படியும் அந்த வருஷச் சராசரிப் பட்டம் டை காப் என்ற இன்னொரு ஆட்டக்காரருக்குப் போனது, அவர் இன்னும் கூடுதலாக அடித்திருந்தார். கடைசி வரி 1920. சராசரி .382, ஹிட் 218, ஸ்டிரைக் அவுட் (மூன்று ஸ்டிரைக் விழுந்து அவுட்) ஆனது சீசன் முழுக்க 14 தடவைதான். அப்புறம் வரியே கிடையாது. சூதாடிகளிடம் காசு வாங்கி 1919 வேர்ல்ட் சீரிஸை (சீசன் முடிவில் நடக்கும் சாம்பியன் தொடர்) அவர் டீம் தோற்றுக்கொடுத்ததாக வழக்கு, ஜூரி விடுவித்தும் பேஸ்பால் கமிஷனர் லேண்டிஸ் 1921இல் இவரையும் சேர்த்து சிகாகோ ஒயிட் சாக்ஸ் ஆட்கள் எட்டுப் பேரையும் ஆயுளுக்கும் விலக்கிவிட்டார்.

அந்த சீரிஸில் .375 அடித்தவர், 12 ஹிட், ஃபீல்டிங்கில் ஒரு தப்புக்கூட இல்லை, இவரா வேண்டுமென்றே தோற்றார் என்று ரசிகர்கள் இன்றைக்கும் சண்டை போடுவார்கள். எனக்கு இந்தத் தளம் பிடித்ததே இங்கேதான். மொத்தக் கணக்கோடு நிற்காமல் ஒவ்வொரு ஆட்டத்தின் ஸ்கோர் கார்டையும் திறந்து பார்க்கலாம். முதல் ஐந்து ஆட்டத்தில் அவர் அடித்து ஒரு ரன்னும் உள்ளே வரவில்லை, வந்த 6 ரன்னும் கடைசி மூன்று ஆட்டத்தில். இதை வைத்துக் குற்றவாளி என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் .375ஐ மட்டும் காட்டி வாதாடுகிறவர்களை இனி நம்பவும் மாட்டேன்.

குறை என்றால், அவர் ஆட்டம் கற்ற இடம் இந்த அட்டவணையில் இல்லை. சவுத் கரோலினா கிரீன்வில்லில் பஞ்சு மில், சின்னப் பையனாக இருக்கும்போதே வேலை, பள்ளிக்கூடம் இல்லை, 13 வயதில் மில் டீம். எங்க அப்புச்சியும் சிங்காநல்லூரில் ஷிப்ட் முடிந்து தலையில் பஞ்சோடு மில் டீமுக்கு வாலிபால் ஆடப் போனவர்தான், அதனால் எனக்கு அந்தப் பகுதிதான் முதலில் வேண்டியிருந்தது. அதற்குப் புத்தகம்தான் கதி.

2025 மே மாதம் விலக்கை நீக்கிவிட்டார்கள், ஆள் 1951இலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். முதன்முறை போகிறவர்கள் எட்டாவது ஆட்டத்தின் ஸ்கோர் கார்டைத் திறங்கள், அந்த சீரிஸின் ஒரே ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி) அதில்தான் இருக்கிறது, அடித்தவரும் இவர்தான்.