சுற்றும் நிரலா, நிற்கும் நிரலா: மதுரையில் ஒரு மெயின்ஃபிரேம் பயிற்சி வகுப்பு

மதுரை காளவாசல் அருகே ஒரு மாடியறையில் நடக்கும் மெயின்ஃபிரேம் (வங்கி போன்ற பெரிய நிறுவனங்கள் பயன்படுத்தும் பெருங்கணினி) பழுதறியும் பயிற்சியில் ஆறு வார இறுதிகள் கலந்துகொண்டேன். இரவு நேர பேட்ச் வேலைகளை, அதாவது ஆள் தலையீடின்றித் தாமாக ஓடும் நிரல்களை, கண்காணிப்பதே என் பணி. அத்தகைய ஒரு வேலை (ஜாப்) வழக்கமான நேரத்தைத் தாண்டிவிட்டால் அதைக் கேன்சல் செய்து மறுபடி ஓட விடுவதுதான் எங்கள் குழுவில் பல ஆண்டுகளாக இருந்துவரும் வழக்கம். அந்த வழக்கம் ஏன் தவறு என்பதை இந்த வகுப்பு முதல் நாளிலேயே புரியவைத்தது.

ஆசிரியர் ஓய்வுபெற்ற சிஸ்டம் புரோகிராமர். ஜாப்களின் நிலையைக் காட்டும் எஸ்டிஎஸ்எஃப் திரையில் ஓடிக்கொண்டிருந்த ஒரு ஜாபின் சிபியு நேரத்தையும் எக்ஸ்சிபி எனப்படும் உள்ளீடு-வெளியீட்டு எண்ணிக்கையையும் நோட்டில் எழுதச் சொல்லி, பத்து விநாடி கழித்து மீண்டும் எழுதச் சொன்னார். சிபியு ஏறிக்கொண்டே போய் எக்ஸ்சிபி அசையாமல் நின்றால் நிரல் தனக்குள்ளேயே சுற்றுகிறது என்று சந்தேகிக்கலாம். இரண்டுமே அசையாவிட்டால் அது எதற்கோ காத்திருக்கிறது. இதோடு நிறுத்தியிருந்தால் இதை நான் சாதாரண வகுப்பு என்றே எழுதியிருப்பேன். டிபி2 என்ற தரவுத்தள மென்பொருளின் அட்டவணைகளைப் படிக்கும் ஜாபில் அந்த உள்ளீடு-வெளியீட்டு வேலை டிபி2-வின் சொந்த முகவரி வெளியில் (அதற்கென உள்ள தனி நினைவகப் பகுதியில்) நடப்பதால், ஜாபின் எக்ஸ்சிபி ஏறாமலே அது ஒழுங்காக வேலை செய்துகொண்டிருக்கக்கூடும் என்பதையும் அவர் அதே மூச்சில் சொன்னார். நன்றாக ஓடிக்கொண்டிருந்த எத்தனை ஜாப்களை இது தெரியாமல் நிறுத்தியிருப்போம் என்று அன்று இரவு முழுக்க யோசித்தேன்.

இரண்டாம் வாரப் பயிற்சிதான் எனக்கு மிகவும் பிடித்தது. கோபோல் மொழி நிரல் ஒன்றில் ஈரிலக்க எண்ணி; கோபோலில் அதை பிக் 99 என்று எழுதுவார்கள். அது 99-ஐ விடப் பெரிதாகும்வரை பெர்ஃபார்ம் என்ற திரும்பச் செய்யும் கட்டளை ஓட வேண்டும். ஈரிலக்கத்தில் 100 அடங்காது. 99-க்குப் பின் எண்ணி 00 ஆகிவிடும். நிரல் ஒருபோதும் வெளியே வராது. காரணத்தைச் சொல்லாமல் அதை ஓடவிட்டு, டம்புடன் (அந்த நேரத்து நினைவகத்தின் நகலுடன்) கேன்சல் செய்ய வைத்தார்கள். வெறுமனே கேன்சல் செய்தால் எஸ்222 என்ற முடிவுக் குறியீடு மட்டும்தான் மிஞ்சும். டம்ப் கேட்டுக் கேன்சல் செய்தால் எஸ்122 வரும். ஜாபின் அந்த ஸ்டெப்பில் (படியில்) டம்ப் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் சிஸ்யூடம்ப் டிடி வரி இருந்தால் டம்பும் கையில் கிடைக்கும். நிரல் எந்த இடத்தில் இருந்தது என்பதைக் குறிக்கும் பிஎஸ்டபிள்யூ காட்டிய முகவரியிலிருந்து நிரல் ஏற்றப்பட்ட முகவரியைக் கழித்து, அந்த இடைவெளியைக் கம்பைல் லிஸ்டிங்கில் (நிரல் வரிகளை அவற்றின் இடங்களோடு காட்டும் பட்டியலில்) தேடியபோது என் பென்சில் அந்த பெர்ஃபார்ம் வரியில் வந்து நின்றது. நேரம் மீறினால் வரும் எஸ்322 இத்தகைய சுற்றைத் தானாகவே நிறுத்திவிடும் என்று நம்பியிருந்தவர்களுக்கு, ஜாபுக்கான ஆணைகளை எழுதும் ஜேசிஎல்லில் டைம்=1440 என்று எழுதினால் அந்த வரம்பே நீங்கிவிடும் என்பதையும் அங்கேயே செய்து காட்டினார்கள். எங்கள் பழைய ஜாப்களில் பாதிக்கு மேல் அந்த வரி இருக்கிறது.

காத்திருக்கும் ஜாப்கள் பற்றிய பகுதியும் தெளிவாகவே இருந்தது. யாரோ எடிட்டரில் திறந்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போன ஒரு டேட்டாசெட்டுக்காக (கோப்புக்காக) ஜாப் நிற்பதை, டி ஜிஆர்எஸ்,சி கட்டளையில் உரிமையாளர் பெயரோடு பார்த்தோம். பதில் கொடுக்கப்படாத கன்சோல் (கணினி இயக்குபவரின் திரை) கேள்விக்காக நிற்பவற்றை டி ஆர்,எல் கட்டளை காட்டிக்கொடுத்தது.

குறைகளும் உண்டு. டம்பை அலசும் ஐபிசிஎஸ் கருவி வழியே சிஸ்டம் டிரேஸ் (கணினியின் அண்மைச் செயல்களின் பதிவு) படிப்பதை ஒரே பிற்பகலில் அடைத்துவிட்டார்கள். சுற்று பெரியதாக இருக்கும்போது ஒரே ஒரு முகவரி போதாது, திரும்பத் திரும்ப வரும் முகவரிகளின் வரிசையையே பார்க்க வேண்டும் என்பதால் அதற்கு இரண்டு நாட்களாவது தேவை. உடனடிப் பரிவர்த்தனைகளை இயக்கும் சிஐசிஎஸ்-இல் நிரல் நிற்காமல் சுற்றினால் வரும் ஏஐசிஏ குறியீட்டைப் பற்றி ஒரு மணி நேரமே பேசினார்கள். அச்சிட்டுக் கொடுத்த பாடத்தாள்களில் டம்ப் வரிகள் பாதியில் உடைந்து அடுத்த வரிக்குப் போயிருந்ததால் பத்திகளை நேராக வைத்துப் படிக்க முடியவில்லை. பயிற்சிக் கணினியை வீட்டிலிருந்து பயன்படுத்தவும் வழியில்லை.

கட்டணம் 9,000 ரூபாய். இதையே சென்னையில் படித்திருந்தால் பயணத்துக்கும் தங்குவதற்கும் தனியாகச் செலவாகியிருக்கும். பாடம் முழுவதும் தமிழில் நடப்பதால் கேள்வி கேட்க யாரும் தயங்கவில்லை. ஜேசிஎல் எழுதத் தெரியாதவர்கள் அதை முதலில் கற்றுக்கொண்டு வருவது நல்லது. எங்கள் அணியில் அது தெரியாமல் வந்த இருவர் மூன்றாம் வாரத்தோடு நின்றுவிட்டார்கள்.